கடலுணவு சாலட்டில் எவ்வளவு சத்து? சரியாகக் கணக்குப் போடும் முறை

கடலுணவு சாலட் என்ற பெயரில் 250 கலோரியும் தட்டில் வரலாம், 600 கலோரியும் வரலாம். இரண்டிலும் இறால் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கும். மாறுவது கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும் டிரெஸ்ஸிங், அதாவது ருசிக்காக மேலே ஊற்றிக் கலக்கும் எண்ணெய் அல்லது மயோனைஸ் கலவை. கணக்குப் போட உட்காரும்போது இறாலை விட்டுவிட்டு முதலில் மயோனைஸ் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள்.

கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். 'ஒரு கைப்பிடி', 'ஒரு கப்' என்ற அளவெல்லாம் காய்களுக்குப் பரவாயில்லை, இறாலுக்கும் எண்ணெய்க்கும் ஒத்துவராது. தலை, ஓடு, குடல் நரம்பு எல்லாம் போனபின் மிஞ்சும் சதையைத்தான் நிறுக்க வேண்டும். முழு இறாலாக வாங்கினால் ஏறக்குறைய பாதி எடை கழிவாகவே போய்விடும். உறைந்த இறால் என்றால் மேலே பனிப்பூச்சு இருக்கும். முழுவதும் உருகவிட்டு, நீரை வடித்து, துணியால் ஒற்றி எடுத்த பிறகு நிறுங்கள். பாக்கெட்டில் பாஸ்பேட் சேர்த்ததாக இருந்தால் அந்த இறால் கூடுதல் நீரைப் பிடித்து வைத்திருக்கும், சோடியமும் கூடியிருக்கும். அப்போது பொது அட்டவணையை விட்டுவிட்டு, அந்த பாக்கெட்டில் அச்சிட்ட எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் பச்சை எடைக்கும் வெந்த எடைக்கும் நடுவில்தான். 100 கிராம் பச்சை இறாலில் சுமார் 85 கலோரி, 20 கிராம் புரதம். வெந்த இறால் 100 கிராமில் சுமார் 99 கலோரி, 24 கிராம் புரதம். வேகவைத்ததால் புரதம் கூடிவிடவில்லை; நீர் வெளியேறிச் சதை சுருங்கியதால் அதே 100 கிராமில் சதை அதிகம், அவ்வளவுதான். 200 கிராமைப் பச்சையாக நிறுத்துவிட்டு வெந்த இறாலின் எண்ணைப் போட்டால் காகிதத்தில் 8 கிராம் புரதம் சும்மா முளைத்துவிடும். எந்த நிலையில் நிறுத்தீர்களோ அந்த நிலைக்குரிய எண்ணையே எடுங்கள். பச்சையாக நிறுப்பதே எளிது, வெந்தபின் எவ்வளவு சுருங்கும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும்.

இரண்டு பேருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சுத்தம் செய்த பச்சை இறால் 200 கிராம்: 170 கலோரி, 40 கிராம் புரதம். சுத்தம் செய்த கணவாய் 100 கிராம்: 92 கலோரி, 15 கிராமுக்குச் சற்று மேல் புரதம். வெள்ளரி 150, தக்காளி 100, குடைமிளகாய் 100, லெட்யூஸ் 100, வெங்காயம் 50 கிராம்: எல்லாம் சேர்த்தாலே சுமார் 100 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் 120 கலோரி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு 7 கலோரி. கூட்டினால் 490 சொச்சம். ஆளுக்கு 245 கலோரி, 30 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு.

அதே சாலட்டில் எண்ணெயை எடுத்துவிட்டு நான்கு மேசைக்கரண்டி மயோனைஸ் போடுங்கள். மயோனைஸ் மட்டும் 390 கலோரி. ஆளுக்கு 380 ஆகிவிடும், கொழுப்பு 8 கிராமிலிருந்து 22க்கு ஏறும்; புரதம் அப்படியே நிற்கும். க்ரீமியாகத்தான் வேண்டும் என்றால் நீர் வடித்த கெட்டித் தயிரில் ஒரே ஒரு கரண்டி மயோனைஸ் கலக்குங்கள், வாய்க்குக் குறை தெரியாது. இதற்காக எண்ணெயே இல்லாத டிரெஸ்ஸிங்குக்குப் போய்விடவும் வேண்டாம். தக்காளி, குடைமிளகாய், கீரை வகைகளில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஆளுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் செலவு அல்ல. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்ற வேண்டும், அதுதான் கட்டுப்பாடு.

'நண்டு' என்று பெயர் போட்டு விற்கும் குச்சிகளை நண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சுரிமி: அரைத்த மீனோடு மாவும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து வடிவம் கொடுத்தவை. உண்மையான நண்டுச் சதையைவிடப் புரதம் மிகக் குறைவு, மாவுச்சத்து உண்டு. கேனில் வரும் சூரை மீன் நீரில் ஊறியதா, எண்ணெயில் ஊறியதா என்பதையும் பாருங்கள். நீரில் என்றால் வடித்த 100 கிராமுக்குச் சுமார் 90 முதல் 130 கலோரி, எண்ணெயில் என்றால் வடித்த பிறகும் 200க்குப் பக்கம்.

'கடலுணவு' என்றதும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தானாக வந்துவிடும் என்ற நினைப்பு பரவலாக உண்டு. இறாலிலும் கணவாயிலும் மொத்தக் கொழுப்பே குறைவு, அதனால் ஒமேகா-3யும் கொஞ்சம்தான். அது வேண்டும் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன்களில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பண்ணையில் வளர்த்த சால்மன் 100 கிராமில் சுமார் 2 கிராம் கிடைக்கும். சிப்பி வகைகளின் பலம் வேறு. வெந்த மஸ்ஸல் சிப்பி 100 கிராமில் சுமார் 24 மைக்ரோகிராம் பி12, 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். கூடவே எலுமிச்சையும் குடைமிளகாயும் இருந்தால் அவற்றின் வைட்டமின் சி, காய்களில் உள்ள இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ள உதவும்.

கொலஸ்ட்ரால் விஷயம்: மேலே சொன்ன சாலட்டில் ஆளுக்குச் சுமார் 275 மில்லிகிராம் வரும். எண் பெரிதாகத் தெரியும். ஆனால் பெரும்பாலோருக்கு ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்புக்கே பெரிய பங்கு, அது இறாலில் மிகக் குறைவு. மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள். இல்லையென்றால் அதைவிட உப்பைக் கவனியுங்கள். உப்பிலுள்ள சோடியம் நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் போய்விடும். ஊறவைத்த ஆலிவ், கேன் மீன், பாக்கெட் டிரெஸ்ஸிங் மூன்றும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் தனியாக உப்பு போடவே கூடாது.

வேகவைப்பதிலும் சத்துக் கணக்கு இருக்கிறது. நிறைய நீரில் கொதிக்கவிட்டு நீரைக் கொட்டினால் பி வைட்டமின்களில் ஒரு பகுதி கூடவே போகும். ஆவியில் வேகவைத்தால் இழப்பு குறைவு. நடுத்தர இறாலுக்கு 2 முதல் 3 நிமிடம். அரைவட்டமாக வளைந்து கண்ணாடித்தன்மை போனதும் இறக்குங்கள். வால் நுனி தலைப்பக்கத்தைத் தொடும்படி சுருண்டுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. கணவாய் வளையங்களுக்கு 60 முதல் 90 விநாடி போதும், விட்டால் ரப்பர். வெந்ததும் ஐஸ் நீரில் போட்டு உடனே எடுத்து, நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். இந்த ஒற்றுதலைப் பலர் தவிர்க்கிறார்கள். ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் நீர்த்துப்போகும், ருசி போதவில்லையே என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றத் தோன்றும், போட்ட கணக்கு அங்கேயே கவிழும். உப்பும் டிரெஸ்ஸிங்கும் சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான். முன்கூட்டியே போட்டால் வெள்ளரியும் தக்காளியும் நீர் விட்டு வைட்டமின் சியில் ஒரு பங்கு அடியில் தேங்கிவிடும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறால் வெந்தது போல் வெளுத்துத் தெரியும். புளிப்பு புரதத்தை இறுக்குகிறதே தவிர, கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் நம்பகமாக அழிப்பதில்லை. உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் பச்சைக் கடலுணவு வேண்டவே வேண்டாம். பாதரசம் அதிகம் சேரும் சுறாவையும் வாள்மீனையும் அவர்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நன்றாக வேகவைப்பது தீர்வாகாது. ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் சூட்டுக்கு அழிவதில்லை. சாலட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மிஞ்சியதை 4 டிகிரிக்குக் கீழே, டிரெஸ்ஸிங் தனியாக, கடலுணவு தனியாக, காய் தனியாக மூடிவைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.