டாக் ஃபுட் வாங்கும்போது டெல்டாவில் நாம் செய்யும் தவறுகள்

நாய்க்கு எந்த டாக் ஃபுட் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கம்பெனி பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். காவிரிப் படுகையில் இருந்துகொண்டு கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அது உங்கள் கைக்கு எந்த நிலையில் வந்து சேருகிறது? வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது? எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் ஐப்பசி அடைமழையில் வாய் திறந்து கிடந்தால் வீண்தான்.

அதனால் லூஸில் வாங்குவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இதைப் பார்க்கலாம். வாய் பிரித்த பெரிய மூட்டை, அதற்குள் அள்ளிப்போட ஒரு பிளாஸ்டிக் டப்பா. கேட்ட எடைக்கு நிறுத்து, கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டுத் தருவார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், உண்மைதான். ஆனால் அந்தப் பையில் தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. மூட்டையைப் பிரித்து எத்தனை நாளாயிற்று என்று கடைப் பையனுக்கே தெரியாது.

உலர் உணவில் ஈரம் ஏறத்தாழ 10 சதவீதம்தான் இருக்கும். அந்த வறட்சிதான் அதற்குப் பாதுகாப்பு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெல்லுக்குப் பார்க்கிற அந்த ஈரத்தை நாயின் சாப்பாட்டுக்கும் பார்க்க வேண்டும். டாக் ஃபுட்டில் மக்காச்சோளம், அரிசி, கோதுமை எல்லாம் இருக்கின்றன. ஈரம் ஏறினால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அதில் வளரும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நாயின் கல்லீரலையே அழித்துவிடும். அந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நமத்துப் போனதை மொட்டை மாடியில் உலர்த்தி எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஈரம்தான் போகும், விஷம் அப்படியே இருக்கும். நாய் சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளடித்தால் மிச்சமிருக்கும் உணவையும் பையையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

வாங்கியதும் இரண்டு உருண்டையைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். நறுக்கென்று உடைய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. பிறகு மோந்து பாருங்கள். உருண்டைகளின் மேல் ருசிக்காகக் கொழுப்பு தெளித்திருப்பார்கள், காற்றுப் பட்டால் முதலில் கெடுவது அதுதான். பழைய முறுக்கில் வருமே, அந்தச் சிக்கு வாடை வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பெரிய பை வாங்கினால் விலை கட்டுப்படியாகும் என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிரித்த பையை ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரே ஒரு பொமரேனியன் இருக்கிற வீட்டுக்கு 10 கிலோ பை எதற்கு? மழை மாதங்களில் சின்னப் பை வாங்குங்கள். அதையும் டப்பாவில் கொட்டாமல், பையோடு மடித்து மூடி இறுகும் டப்பாவுக்குள் வையுங்கள். கொட்டிவைத்தால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு டப்பாவின் அடியில் தங்கிப் புதுச் சரக்கையும் கெடுக்கும். இன்னொன்று, எலி. வயல் ஓரத்து வீடுகளில் அறுப்பு முடிந்ததும் எலி உள்ளே வரும். அதன் மூத்திரத்தின் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். கோணிச் சாக்கில் கட்டி மூலையில் சாத்திவைப்பது ஆபத்து.

பையின் முன்பக்கத்தை நம்பி வாங்குவது அடுத்த தவறு. கோழித்தொடைப் படமும் கேரட் படமும் எதையும் சொல்லாது, பின்பக்கத்தைப் படியுங்கள். உட்பொருள்களை எடை வரிசையில் போடுவார்கள், அதுவும் சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழிக்கறியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். ஆகவே ‘சிக்கன்’ முதலில் இருந்தாலும் காய்ந்தபின் அதன் பங்கு சுருங்கிவிடும். ‘சிக்கன் மீல்’ என்பது ஏற்கெனவே நீர் வற்றவைத்த பொடி. தரமானதாக இருந்தால் அதில் புரதம் கெட்டியாக இருக்கும், பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளக் குளூட்டன் (அதன் புரதப் பகுதி) என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பல நேரம் கறியை முந்திக்கொண்டு அதுதான் முதலிடத்தில் நிற்கும்.

புரத சதவீதம் மட்டும் பார்த்தாலும் போதாது. நைட்ரஜனை அளந்துதான் அந்த எண்ணைப் போடுகிறார்கள், சோயாவில் வந்தாலும் கறியில் வந்தாலும் கணக்கு ஒன்றே. விலங்கு உணவுக்கு அளவுகள் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு சொல்வதன்படி, ஈரத்தைக் கழித்தபின் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும். பையில் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போடமாட்டார்கள். நீங்களே கணக்கிடலாம். புரதம் 22, கொழுப்பு 10, ஈரம் 10, நார் 5, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8 என்றால் கூட்டினால் 55. நூறில் மிச்சம் 45, அதுதான் மாவுச்சத்து. இரண்டு பைகளை இப்படி ஒப்பிட்டால் விலை வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறதா இல்லையா என்று புரிந்துவிடும். சிவப்பு, பச்சை உருண்டைகளுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நாயால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது.

சோறு நாய்க்கு ஆகாது, தானியமே இல்லாத உணவுதான் உயர்ந்தது என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. வெந்த அரிசி நாய்க்கு நன்றாகவே செரிக்கும். தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விசாரணையே தொடங்கியது. காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. ஆனாலும் கூடுதல் பணம் கொடுத்து அந்த வகையைத் தேடிப் போக எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

நம் வீடுகளில் நடக்கும் பிழை வேறு: டாக் ஃபுட்டையும் போட்டு, அதே தட்டில் பாதிக்குப் பாதி சோறும் பிசைவது. 10 கிலோ எடையுள்ள கருத்தடை செய்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 630 கலோரி போதும். நூறு கிராமில் 360 கலோரி உள்ள உணவென்றால் 175 கிராம். இதோடு 200 கிராம் சோறு போட்டால் 260 கலோரி கூடுகிறது, நாய் குண்டாகிறது. சரி, டாக் ஃபுட்டைக் குறைத்துப் பாதிக் கலோரியைச் சோற்றில் கொடுத்தால், மேலே சொன்ன 22 சதவீதப் புரத உணவில் மொத்தப் புரதம் தேவையான 18 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். சோறு போட்டே ஆக வேண்டுமென்றால் கூடவே முட்டையோ, முள் எடுத்து உப்பில்லாமல் வேகவைத்த மீனோ சேருங்கள். ஊறவைக்க வெந்நீர் போதும், பால் ஊற்றினால் பல நாய்களுக்கு வயிற்றால் போகும். குழம்பு வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கால்சியம் டானிக். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் குட்டிகளுக்கு எலும்பு உறுதியாகட்டும் என்று ஆசையாக ஊற்றுகிறார்கள். குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, வந்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எலும்பு தாறுமாறாக வளர்ந்து கால் வளையும், மூட்டு கெடும். பெரிய இனக் குட்டிகளின் உணவில் கால்சியம், ஈரம் நீக்கிய கணக்கில், 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோ வரம்பே வைத்திருக்கிறது. ‘பெரிய இனக் குட்டிகளுக்கான முழு உணவு’ என்று போட்ட பையை வாங்கினால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும் டானிக்.

பை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து ஆரம்பித்து, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாறுங்கள். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், அக்னி நட்சத்திர நாட்களில் இரண்டு இடத்தில் வையுங்கள்.

நாய் தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் போனால் உடனே அடுத்த பிராண்டுக்குத் தாவுவதும் தவறு. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். சாப்பாட்டை ஒதுக்குவதுதான் பல நாய்களில் அதன் முதல் அடையாளம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கண்ணில் படாவிட்டாலும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். புதுப் பை வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.