பிராண்டிங்குக்கும் மார்க்கெட்டிங்குக்கும் நடுவே பணம் தொலையும் இடங்கள்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒரே தவறுகளை ஒரே வரிசையில் செய்கிறார்கள். முதல் சில மாதங்கள் லோகோ, விசிட்டிங் கார்டு, பெட்டியின் நிறம் என்று போகும். அடுத்து, "விளம்பரத்துக்கு இவ்வளவு கொட்டியும் ஒன்றும் நடக்கலையே" என்ற புலம்பல். பிறகு ஆஃபர். ஆஃபரும் சலித்த பிறகு மறுபடி லோகோ. இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சுற்று நிற்பதே இல்லை.

உங்கள் பெயரைக் கேட்டதும் ஒருவருக்கு என்ன எதிர்பார்ப்பு எழுகிறதோ, அதுதான் பிராண்ட். அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கி, ஒவ்வொரு முறையும் அது பொய்க்காமல் பார்த்துக்கொள்வது பிராண்டிங். வாங்கக்கூடியவர் யாரென்று கண்டுபிடித்து, அவர் கண்ணில் பட்டு, விசாரிக்கவைத்து, வாங்கவைப்பது மார்க்கெட்டிங். முன்னது பலவீனமானால் விலையைக் குறைக்காமல் விற்க முடியாது. பின்னது பலவீனமானால் ஆளே வரமாட்டார்கள். (பாடப்புத்தகங்களில் பிராண்டிங் மார்க்கெட்டிங்கின் ஒரு பகுதிதான். அன்றாட வேலைக்கு இப்படிப் பிரித்துக்கொள்வது வசதி.)

நோட்டீஸில் எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவை ஒருமுறை அச்சடித்தால் தானாகத் தெரிந்துவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

விற்பனை சரிந்ததும் லோகோவில் கைவைப்பது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. செலவு இதில்தான் அதிகம், பலன் இதில்தான் குறைவு. இரண்டு மாதம் வியாபாரம் மந்தமானால் போதும், "நம்ம லுக் பழசாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். புது நிறம், புது எழுத்து, புதுப் பெட்டி எல்லாம் வந்துவிடும். காய்ச்சல்காரருக்குச் சட்டையை மாற்றிவிடுகிற வைத்தியம்.

லோகோவில் முதலில் சலித்துப்போகிறவர் முதலாளிதான். அவர் அதைத் தினமும் பார்க்கிறார். வாடிக்கையாளர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் அரைநொடி பார்க்கிறார். முதலாளிக்கு அலுத்துப்போகிற நேரத்தில்தான் வாடிக்கையாளர் மனதில் அது பதியவே ஆரம்பித்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2009 ஜனவரியில் பெப்சிகோ, அமெரிக்காவில் தன் ட்ராப்பிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் பழம் போய், தம்ளரில் சாறு வந்தது. பெயரும் செங்குத்தாகத் திரும்பியது. உள்ளே இருந்த சாறு அதேதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவித்துவிட்டார்கள். அலமாரியில் கை பழக்கத்தில் போய் எடுத்துக்கொண்டிருந்த பெட்டி கண்ணில் படாமல் போனதன் விலை அது. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் கேப் ஆடை நிறுவனம் புது லோகோவை வெளியிட்டுச் சுமார் ஒரு வாரத்தில் திரும்பப் பெற்றது. அவர்களுக்குப் பின்வாங்கும் வசதி இருந்தது. சிறு தொழிலில், அச்சடித்து வந்த பெட்டிகளைத் தூக்கிப்போட மனசு வராது; அதை வைத்தே ஓட்டுவார்கள்.

டிசைனருக்குப் போன் போடுவதற்கு முன் நான்கு எண்களை எழுதுங்கள். கடந்த 12 வாரத்தில் எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேருக்கு விலை சொன்னீர்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். பக்கத்திலேயே போன ஆண்டின் அதே 12 வாரத்து எண்களையும் எழுதுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் சீசன் ஏமாற்றிவிடும்.

போன ஆண்டு 400 விசாரணைக்கு 40 விற்பனை, இந்த ஆண்டு 150 விசாரணைக்கு 15 விற்பனை என்றால் வருகிறவர்கள் வழக்கம்போலத்தான் வாங்குகிறார்கள், ஆள்தான் வரவில்லை. அது மார்க்கெட்டிங் கோளாறு. எந்த வழியாக வந்தவர்கள் குறைந்தார்கள் என்று தேடினால் பெரும்பாலும் ஒரே ஒரு வாய்க்கால் அடைபட்டிருக்கும்: கூகுள் வரைபடத்தில் உங்கள் போன் எண் மாறியிருக்கும், அடிக்கடி ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தியிருப்பார், இணையதளத்தில் விசாரணைப் படிவம் வேலை செய்யாமல் கிடக்கும்.

400 விசாரணை அப்படியே இருக்க, விற்பனை 22 ஆகியிருந்தால் சிக்கல் விலை சொல்கிற கட்டத்தில். காலையில் வந்த கேள்விக்குச் சாயங்காலம் பதில் போகிறதா என்று பாருங்கள். அதற்குள் அவர் வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டு முடித்திருப்பார். புது லோகோ இருந்தாலும் பதில் சாயங்காலம்தான் போகும்.

புதியவர்கள் வருகிறார்கள், பழையவர்கள் திரும்பவில்லை என்றால்தான் பிராண்ட் அடிபட்டிருக்கிறது. சொன்ன நாளில் கொடுக்கவில்லை, போன முறை இருந்த தரம் இந்த முறை இல்லை என்பது மாதிரி ஏதோ ஒன்று நடந்திருக்கும். அதற்கும் மருந்து லோகோ அல்ல.

உண்மையிலேயே மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலையும் வரும். பெயர் இன்னொருவருடையதோடு மோதுகிறது, தொழிலே மாறிவிட்டது, பங்குதாரர் பிரிந்துவிட்டார். அப்போது தொடர்ந்து வாங்குகிற 20 பேரிடம் எதையும் காட்டாமல், "எங்கள் பெட்டியில் என்ன நிறம், என்ன படம்?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் சரியாகச் சொல்கிற எதையும் தொடாதீர்கள். பெயர், நிறம், சின்னம், பெட்டியின் வடிவம் நான்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். புதுப் பெயருக்குக் கீழே "முன்பு இன்ன பெயரில்" என்று ஓராண்டாவது போடுங்கள்.

இணையதள முகவரி மாறினால் பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301 முறையில் (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று தேடுபொறிக்குச் சொல்கிற திருப்பம்) திருப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் தேடலில் சேர்த்துவைத்த இடம் போய்விடும். பழைய டொமைனை (இணையதள முகவரிப் பெயரை) தொடர்ந்து புதுப்பித்து வாருங்கள். விட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். கூகுள் வரைபடத்தில் இருக்கிற பதிவையே திருத்துங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் மதிப்புரைகள் பழைய பதிவிலேயே தங்கிவிடும். எல்லோரும் மறக்கிற ஒன்று வங்கிக் கணக்கின் பெயர். பலகையில் ஒரு பெயர், பணம் செலுத்தும்போது திரையில் வேறு பெயர் என்றால் வாங்க வந்தவர் மோசடியோ என்று பயந்து அங்கேயே நிறுத்திவிடுவார்.

ஆஃபரையே விளம்பரமாக ஓட்டுவது

கணக்கு இது. விலை 100, அடக்கம் 60, லாபம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் 30. பழைய மொத்த லாபத்தை எட்ட விற்பனை எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். 20 சதவீதம் கொடுத்தால் லாபம் 20. இரண்டு மடங்கு விற்க வேண்டும். 30 சதவீதம் என்றால் நான்கு மடங்கு. கூட்டம் வந்ததைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இது மார்க்கெட்டிங் பக்கத்து நஷ்டம். பிராண்ட் பக்கத்து நஷ்டம் மெதுவாக வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஃபர் வரும் என்று பழகிவிட்டால் முழு விலை என்பது அவசரக்காரர்கள் கொடுக்கிற அபராதமாகிவிடும். மற்றவர்கள் காத்திருப்பார்கள். திடீரென்று நிறுத்தவும் முடியாது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகள் 2012-ல் கூப்பன்களையும் தள்ளுபடிகளையும் ஒரேயடியாக நிறுத்தி, எப்போதும் ஒரே நியாய விலை என்று அறிவித்தன. அந்த ஆண்டு விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரி பதவி இழந்தார்.

ஏற்கெனவே இந்தப் பழக்கத்தில் மாட்டியிருந்தால் ஆஃபர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை முதலில் நீட்டுங்கள், அப்புறம் சதவீதத்தைக் குறையுங்கள். விலையைத் தொடாமல் கூடுதலாக ஒன்றைக் கொடுப்பது நல்லது: இலவசப் பொருத்துதல், நீண்ட உத்தரவாதம், வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது. விலை குறைத்தே ஆகவேண்டுமானால் காரணத்தையும் கடைசி நாளையும் சொல்லுங்கள். சொன்ன நாளில் நிறுத்துங்கள்.

சொந்தப் பெயருக்குக் காசு கட்டி ஏமாறுவது

கூகுளில் உங்கள் கடைப் பெயரையே குறிச்சொல்லாக வைத்து விளம்பரம் போட்டால் அறிக்கையில் எண்கள் பிரமாதமாக இருக்கும். இருக்காமல் என்ன? பெயரைத் தட்டச்சு செய்து வருகிறவர் எப்படியும் வரப்போகிறவர்தான். 2012-ல் ஈபே தன் பெயருக்கான விளம்பரங்களை யாஹூ, எம்எஸ்என் தேடுபொறிகளில் நிறுத்திச் சோதித்தது. அந்தக் கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச முடிவுகள் வழியாகவே திரும்ப வந்துவிட்டன.

அவரை அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யவைத்தது பிராண்ட். பெருமையைத் தட்டிக்கொண்டு போவது விளம்பர அறிக்கை. அதனால் அறிக்கையில் உங்கள் பெயர் உள்ள தேடல்களை எப்போதும் தனியாகப் பிரித்து வாங்குங்கள். போட்டியாளர் உங்கள் பெயருக்கு விளம்பரம் போட்டிருந்தால் மட்டும் சிறு தொகை ஒதுக்கலாம். கூகுள் சர்ச் கன்சோலில் (எந்தத் தேடல்களில் உங்கள் தளம் வருகிறது என்று காட்டும் இலவசக் கருவி) உங்கள் பெயர் வரும் தேடல்களை மட்டும் வடிகட்டி மாதாமாதம் குறித்துவையுங்கள். சிறு தொழிலுக்கு இலவசமாகக் கிடைக்கிற பிராண்ட் அளவுகோல்களில் இதைவிட நேரடியானது வேறில்லை.

பெயரைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்புவது

வரிசை இது: முதலில் ட்ரேட்மார்க் பதிவேட்டில் தேடல், அடுத்து டொமைன், அடுத்து சமூக ஊடகக் கணக்கு, கடைசியில் லோகோ. நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. பதிவேட்டில் தேடும்போது எழுத்துக்கு எழுத்து அதே பெயரை மட்டும் பார்த்தால் போதாது, ஒலிப்பு ஒத்த பெயர்களும் மோதும். ட்ரேட்மார்க் பதிவுக்குப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கிற சர்வதேச நைஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உண்டு. 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நீங்கள் செய்து விற்கிற பொருளின் வகுப்போடு, கடை நடத்தினால் 35-ஆம் வகுப்பையும் பாருங்கள்.

"நல்ல", "தரமான", "விரைவு" மாதிரி பொருளை வர்ணிக்கிற சொற்களை மட்டும் பெயராக வைத்தால் பதிவு கிடைப்பது கடினம். யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

60:40 சூத்திரத்தை அப்படியே பிடித்துக்கொள்வது

பட்ஜெட்டில் 60 பிராண்டுக்கு, 40 உடனடி விற்பனைக்கு என்ற விகிதம் லெஸ் பினெட், பீட்டர் ஃபீல்ட் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. பிரிட்டனில் விளம்பர விருதுக்கு அனுப்பப்பட்ட பிரசாரங்களை வைத்துச் சொன்ன சராசரி அது. நாற்பது வாடிக்கையாளர் வைத்திருக்கிறவருக்கு அது பொருந்தாது. அந்தக் கட்டத்தில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வதும் சொன்ன நாளில் பொருளைக் கொடுப்பதுமே பிராண்டிங். கையில் உள்ள காசு விற்பனைக்குப் போகட்டும்.

எல்லோருக்கும் பிடிக்கவேண்டும் என்று பேசுவது

யாருக்கும் நினைவிருக்காது.

லோகோவைப் படமாக மட்டும் வாங்குவது

எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு கேளுங்கள், எஸ்விஜி அல்லது பிடிஎஃப். கறுப்பு நிறத்தில் மட்டும் போட்டாலும், 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரியாத லோகோவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கணக்குகள் அடுத்தவர் பெயரில்

டொமைன், சமூக ஊடகப் பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலாக இருக்கட்டும். ஏஜென்சிக்கோ டிசைனருக்கோ உங்கள் கணக்குக்குள் வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்த அன்றே அதை எடுத்துவிடலாம்.