ஜெர்மனியில் வாடகை வீடு: மூன்று முறை சாவி வாங்கியவன் சொல்வது

ஷ்டுட்கார்ட்டில் என் முதல் வீட்டைக் காலி செய்தபோது, கொடுத்து வைத்திருந்த டெபாசிட்டில் 640 யூரோ திரும்பி வரவே இல்லை. ஜன்னலோரம் மரத்தரையில் ஒரு நீளக் கீறல், குளியலறைச் சுவரில் மூன்று துளைகள், ஈரம் பட்டு அடிப்பக்கம் உப்பிப்போன ஒரு கதவு. மூன்றுமே நான் குடிபோவதற்கு முன்பே இருந்தவை. ஆனால் சாவி வாங்கிய அன்று நான் கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புத் தாளில் 'குறை ஏதும் இல்லை' என்று இருந்தது. நான்கு மாதம் அலைந்து கிடைத்த வீடு. அந்தச் சந்தோஷத்தில் ஐந்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெத்தை வாங்க ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வீடு மாறிவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வீடு தேடுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் பணம் போனதும் தப்பியதும் சாவி வாங்கிய நாளில்தான். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளம்பரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 'இரண்டு அறை வீடு' என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை; சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. கால்ட்மீட்டெ என்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் ஹீட்டிங் ஆகியவற்றுக்கான மாத முன்பணமும் சேர்ந்தால் வார்ம்மீட்டெ. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, அவற்றுக்கு நீங்களே ஒப்பந்தம் போட வேண்டும். கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போனால் பல வீட்டுக்காரர்கள் உங்கள் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இது சட்டமில்லை, ஒரு பழக்கம்.

மாடியில் கூரை சரிந்த வீடுகள் பரப்பளவுக்கு மலிவாகத் தெரியும். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அளவு விதிப்படி, கூரை உயரம் 1 மீட்டருக்குக் கீழே இருக்கும் இடத்தை வீட்டின் பரப்பில் சேர்க்கக் கூடாது. 1 முதல் 2 மீட்டர் வரை உள்ள இடத்தைப் பாதியாகத்தான் சேர்க்க வேண்டும். அதனால் தாளில் 50 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும் கூரை வீட்டில் தரை அதைவிட அதிகமாகவே இருக்கும், ஆனால் நீங்கள் நிமிர்ந்து நிற்கும் இடம் குறைவு. நான் ஆறடி. என் இரண்டாவது வீட்டில் நெற்றியில் தழும்போடுதான் இந்த விதியைக் கற்றுக்கொண்டேன்.

'சமையலறை உண்டு' என்று எழுதாத விளம்பரத்தில் சமையலறை என்பது ஒரு தண்ணீர்க் குழாயும் நான்கு சுவரும் மட்டும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது ஒரு விலை சொல்லி உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். விளக்கும் அப்படித்தான். கூரையிலிருந்து மூன்று கம்பிகள் தொங்கும். முதல் நாள் இரவுக்கு ஒரு மேஜை விளக்கு எடுத்துப் போங்கள்.

தேடும் இணையதளங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: இம்மோஸ்கவுட், க்ளைன்ஆன்சைகன், பகிர்ந்து தங்கும் அறைகளுக்கு வேகே-கெஸூக்ட். நல்ல விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுக்காரரின் பெட்டி நிரம்பிவிடும். அதனால் கோப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரிடமிருந்து வாடகை பாக்கி இல்லை என்று ஒரு கடிதம், அப்புறம் ஷூஃபா. ஷூஃபா என்பது நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று சொல்லும் நிறுவனம். உங்களைப் பற்றிய முழு விவர நகலை அது இலவசமாகவே தர வேண்டும். ஆனால் அதை அப்படியே வீட்டுக்காரரிடம் நீட்டாதீர்கள், அவருக்குத் தேவையில்லாத சங்கதி எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரருக்கென்றே சுருக்கமான சான்றிதழ் ஒன்று காசுக்குக் கிடைக்கும். நாட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் ஷூஃபாவில் உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. அப்போது கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி முதல் பக்கத்தில் வையுங்கள். எனக்கு அதுதான் வேலை செய்தது.

முன்பின் பார்க்காத ஒருவர் 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. தரகர் யாராவது கமிஷன் கேட்டால், அவரை அமர்த்தியது யார் என்று கேளுங்கள். 2015 ஜூனிலிருந்து, வாடகை வீட்டில் தரகரை அமர்த்தியவர்தான் காசு தர வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்.

வீடு பார்க்கப் போகும்போது எனர்கியாவுஸ்வைஸ் என்ற ஆற்றல் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட வேண்டியது அவர்கள் கடமை. ஏ பிளஸ்ஸிலிருந்து எச் வரை தரம் இருக்கும். ஜி, எச் என்று கண்டால் வாடகை மலிவு என்று துள்ளாதீர்கள், குளிர்காலத்தில் ஹீட்டிங் பில்லில் அதைக் கட்டுவீர்கள். வெளிச்சுவர் மூலையில், அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் ரப்பரில் கரும்பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு மூலையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உண்டா என்று ஒருவர் என் மனைவியிடம் கேட்டார். இப்படிப்பட்ட கேள்விக்கு உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பளமும் வேலையும் பற்றிக் கேட்டால் மட்டும் பொய் சொல்லக் கூடாது.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, ஷ்டாஃபெல் அல்லது இண்டெக்ஸ் என்ற சொல். முதலாவது என்றால் எந்த ஆண்டு எவ்வளவு வாடகை ஏறும் என்று இப்போதே எழுதியிருக்கும். இரண்டாவது என்றால் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும். இரண்டு, இத்தனை காலத்துக்குக் காலி செய்ய மாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரி. நான்கு ஆண்டு வரை அப்படிக் கட்டிப்போடலாம். வேலை மாறக்கூடியவர்கள் இந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சிலர் எடுத்துவிடுவார்கள். மூன்று, டெபாசிட். கௌட்ஸியோன் என்பார்கள். கால்ட்மீட்டெ மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. மூன்று சம தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, முதல் தவணை குடிபோகும்போது. இது தெரியாமல் நான் மொத்தத்தையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, அந்த மாதம் முழுக்க நண்பர்களிடம் கைநீட்டினேன்.

இனி அந்த நாள். ஊபர்காபெ, அதாவது ஒப்படைப்பு. வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கும் நாள்.

பகல் வெளிச்சத்தில் நேரம் வாங்குங்கள். நவம்பரில் மாலை ஐந்து மணி என்றால் இருட்டு, வீட்டிலோ விளக்கு இல்லை, தரையில் இருக்கும் கீறல் கண்ணுக்கே தெரியாது. முதல் வீட்டில் எனக்கு நடந்தது அதுதான். இப்போது ஒரு டார்ச், கைபேசி சார்ஜர், ஓர் அளவுகோல், கூட ஒரு நண்பர் இல்லாமல் போவதில்லை. சார்ஜர் எதற்கு என்றால், ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் செருகிப் பார்க்க. ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து, சாய்த்து, மூடிப் பாருங்கள். ரோலர் ஷட்டர் இருந்தால் முழுதாக இறக்கி ஏற்றுங்கள். ஹீட்டரை ஐந்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்துத் திரும்பி வந்து தொட்டுப் பாருங்கள். வெந்நீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது, ஷவர் தண்ணீர் சரியாக வடிகிறதா, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் சிலிகான் கறுத்திருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். கெல்லர் என்ற அடித்தள அறையையும் விடாதீர்கள். அங்கே பழைய சோபா கிடந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் போகும்போது அது உங்கள் சோபா.

குறையை எழுதும்போது 'தரையில் கீறல்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த அறை, எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று எழுத வைத்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். மூன்றாவது வீட்டில் நான் 83 படம் எடுத்தேன். வீட்டுக்காரர் தரப்பில் வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி, பார்க்கட்டும். அன்று இரவே எல்லாப் படங்களையும் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். தேதியோடு அவர் பெட்டியிலும் இருக்கும் அல்லவா?

மின்சாரம், தண்ணீர், ஹீட்டிங் மீட்டர்களின் எண்களை அந்தத் தாளிலேயே குறிக்க வேண்டும். சாவி எத்தனை என்பதையும் எண்ணி எழுதுங்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரே பூட்டு அமைப்பு இருந்தால், ஒரு சாவி தொலைந்தாலும் பல பூட்டுகளை மாற்ற வேண்டி வரலாம். ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டில் சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

சுவர் எந்த நிலையில் இருந்தது என்பதும் முக்கியம், காரணம் இருக்கிறது. காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஆனால் வீட்டை வெள்ளையடிக்காத நிலையில், அதற்கு ஈடும் தராமல் உங்களிடம் கொடுத்திருந்தால் அந்த விதி செல்லாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையடிக்காமல்தான் கொடுத்தார் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? அந்தத் தாளும் படங்களும்தான்.

குடிபோனதும் இரண்டு வாரத்துக்குள் பியூர்கர்பூரோ என்ற ஊர் நிர்வாக அலுவலகத்தில் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். சொல்லிப் பழகுவதற்குள் வரிசையில் உங்கள் எண் வந்துவிடும். முதல் முறை பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். 'இங்கே பதிய முடியாது' என்று சொல்கிற தற்காலிக அறைகள் உண்டு, காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு; அதனால் சேர்ந்து தங்குகிறவர்கள் ஒருவர் கட்டினால் போதும்.

ஷ்டுட்கார்ட் பக்கம் என்றால் ஒரு நாள் உங்கள் கதவில் கேர்வோகெ என்ற பலகை தொங்கும். இந்த வாரம் படிக்கட்டைக் கூட்டுவது நீங்கள். கூட்டிவிட்டுப் பலகையை அடுத்த கதவில் மாட்டுங்கள். எதிர்வீட்டுப் பாட்டியோடு எனக்கு நட்பு தொடங்கியது இந்தத் துடைப்பத்தில்தான்.

மாதாமாதம் கட்டிய அந்த முன்பணத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்காரரிடமிருந்து செலவுக் கணக்கு வரும். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். தாமதமானால் பொதுவாக அவர் கூடுதல் பணம் கேட்க முடியாது. புரியவில்லை என்றால் மீட்டர்ஃபெராயின் என்ற வாடகைதாரர் சங்கத்தில் சேருங்கள், வக்கீல்கள் பார்த்துச் சொல்வார்கள்.

காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ். தாளில், கையால் கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தில் பெயர் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டு. மின்னஞ்சல் செல்லாது. மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும்: மார்ச் தொடக்கத்தில் சேர்ந்தால் மே கடைசி. உங்களுக்கு மாற்றாகக் குடிவர மூன்று பேரைக் கூட்டிவந்தால் வீட்டுக்காரர் உங்களை உடனே விட்டுவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை.

மூன்றாவது வீட்டை ஒப்படைத்தபோது வந்தவர் ஹாலில் குனிந்து, பால்கனிக் கதவருகே ஒரு பள்ளத்தைக் காட்டினார். நான் கைபேசியில் 41ஆவது படத்தைத் திறந்து, அளவுகோலோடு காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஐந்தாவது மாதம், செலவுக் கணக்குக்காக 150 யூரோவை நிறுத்தி வைத்துக்கொண்டு மீதி டெபாசிட்டை வட்டியோடு அனுப்பினார். அந்த 150இல் பாதி அடுத்த இலையுதிர்காலத்தில் வந்தது.