புதிய மவுண்டன் பைக்கின் செயினும் டிஸ்க் பிரேக்கும்

கரடுமுரடான பாதைகளுக்கான சைக்கிளான மவுண்டன் பைக்கைப் புதிதாக வாங்கி, சேற்றில் ஓட்டிவிட்டு வந்தவுடன், வாகனம் கழுவும் கடையின் அழுத்தக் குழாயால் நீரைப் பாய்ச்சுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்த வேகத்தில் பாயும் நீர், சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் ஹேண்டில் கழுத்திலும் உள்ள பேரிங்குகளுக்குள் புகுந்து, கிரீஸை வெளியேற்றித் துருப்பிடிக்கச் செய்துவிடும். ஒரு வாளித் தண்ணீர், சிறிது பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பழைய பருத்தித் துணி ஆகியவையே போதும்.

செயினுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. அதைத் துடைத்து நன்கு உலர்த்திய பின், சைக்கிள் செயினுக்கென்றே விற்கப்படும் எண்ணெயை ஒவ்வோர் இணைப்பின் உருளையிலும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில முறை சுற்றி, சில நிமிடங்கள் கழித்து வெளிப்புறத்தில் எஞ்சியதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். வெளியே பளபளக்கும் எண்ணெய் மண்ணை ஈர்த்து, பல்சக்கரங்களை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். (தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.)

அந்த எண்ணெய் டிஸ்க் பிரேக்கின் தட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது; பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, கீச்சிடவும் செய்யும். தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூய துணியால் துடைக்கலாம். ஆனால் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடுகளில் எண்ணெய் ஊறிவிட்டால், அவற்றைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

புதிய வண்டியில் கியர் கேபிள்கள் முதல் சில வாரங்களில் சற்றுத் தளர்வது இயல்பு என்பதால், ஒருமுறை கடைக்கு எடுத்துச் சென்று கியரைச் சீர்செய்து, போல்ட்டுகளையும் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள அளவுக்கு முடுக்கிக்கொள்ளவும்.