பழைய ஸ்காட்லாந்துக் காலுறைக் கத்தி: வயது கண்டு விலை மதிப்பது எப்படி?

கில்ட் எனும் மடிப்புப் பாவாடை உடுத்தும் ஸ்காட்லாந்துக்காரர்கள் காலுறையின் விளிம்பில் செருகிக்கொள்ளும் சிறு கத்திக்கு ஸ்கீயன் டூ என்று பெயர். பழைய கத்தி ஒன்று கிடைத்தால், விற்பவர் சொல்லும் கதையை நம்பி விலை பேசாதீர்கள். 1746இல் ஸ்காட்லாந்தில் நடந்த கல்லோடன் போரின் களத்தில் கிடந்தது என்பார்கள். ஆனால் காலுறையில் கத்தி செருகும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1822இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு வந்தபின் மலைநாட்டு உடைக்கு மவுசு கூடியது. வெள்ளிப் பூண் போட்ட கத்திகளும் பெருகின.

படி 1: எதையும் தேய்க்காதீர்கள். உப்புத்தாளும் பாலிஷும் வெள்ளிப் பூணில் அடித்த தர முத்திரையை அழித்துவிடும். முத்திரை போனால் பாதி மதிப்பு போயிற்று.

படி 2: அளந்து பாருங்கள். ஸ்கீயன் டூவின் அலகு சுமார் 8 முதல் 10 செ.மீ. இருக்கும். 30 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் அது இடுப்பில் தொங்கும் டர்க் எனும் குத்துவாள். அதன் விலைக்கணக்கே வேறு.

படி 3: முத்திரையைப் படியுங்கள். இதற்கு அவசரம் ஆகாது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை எடுத்து, உறையின் வாய்ப்பூணையும் நுனிப்பூணையும் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். மூன்று கோபுரக் கோட்டை தெரிந்தால் எடின்பரோவில் முத்திரையிட்ட வெள்ளி. பக்கத்தில் திசில் எனும் முட்செடியின் பூ இருந்தால் 1759க்கும் 1975க்கும் இடைப்பட்டது. மன்னர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் காலம் பெரும்பாலும் 1784–1890 என்று சுருங்கும். அது விக்டோரியாவின் தலை என்றால் இன்னும் சுருங்கும். முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்துதான் கடைசிச் சாவி. ஒரே எழுத்து பல சுற்றுகளில் வருவதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே ஆண்டெழுத்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைக் குறிக்கும். இ.பி.என்.எஸ். என்றிருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. சிறு பூண்களில் முத்திரையே இல்லாமலும் போகலாம். அதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 4: பிடி, கல், அலகு. கருங்காலிப் பிடியில் கையால் செதுக்கிய பின்னலின் இழைகள் ஒன்றுபோல் மற்றொன்று இராது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். பிடியின் தலையில் பதித்த பழுப்புக் கல் கெயர்ன்கார்ம் எனும் புகைநிறப் படிகமா, கண்ணாடியா என்று பாருங்கள். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தால் அது 1913க்குப் பிந்தியது. அந்த எஃகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானதே அப்போதுதான்.

படி 5: விலை. கத்தியும் உறையும் ஒரே ஜோடியா? பூண்களின் வேலைப்பாடு ஒத்துப்போகிறதா? அலகு சாணையில் தேய்ந்து மெலிந்துவிட்டதா? இவைதான் விலையை ஏற்றுவதும் இறக்குவதும். இணையத்தில் கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு, எடின்பரோவின் லயன் அண்ட் டர்ன்புல் போன்ற ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். மதிப்பீட்டாளரிடம் போனால் விற்பதற்கா, காப்பீட்டுக்கா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காப்பீட்டு மதிப்பு பொதுவாக விற்பனை விலையைவிடக் கூடுதலாக இருக்கும்.