அட்லாண்டிக் மழைக்காட்டில் துணி இழுத்து உண்ணி சேகரிக்கும் முறை

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் விழும் இகுவாசு அருவியைச் சுற்றி இரண்டு தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அர்ஜென்டினா தன் பக்கத்துக் காட்டை 1934லும் பிரேசில் 1939லும் பூங்காவாக அறிவித்தன. நீண்ட மூக்குள்ள டேப்பிர், பெக்கரிப் பன்றி, மான், ஜாகுவார் என்று பெரிய விலங்குகள் இன்னும் நடமாடும் அட்லாண்டிக் மழைக்காடு இது. அவற்றை நம்பிப் பிழைக்கும் உண்ணிகளும் இங்கே இருக்கின்றன. அம்பிளியோம்மா இன்சிசம் என்ற உண்ணி இனம் வளர்ந்தபின் பெரும்பாலும் டேப்பிர் ரத்தத்தையே நாடும். டேப்பிர் அற்றுப்போனால் அந்த உண்ணிக்கும் அங்கே வாழ்வில்லை. எனவே உண்ணியையும் காட்டின் உயிர்ச்செல்வமாக மதித்து, தேவையான அளவே எடுங்கள். எடுத்த ஒவ்வொன்றுக்கும் முழு விவரம் எழுதுங்கள்.

முதலில் அனுமதி. பிரேசில் பக்கத்தில் சிகோ மென்டிஸ் நிறுவனத்தின் சிஸ்பியோ இணையதளம் வழியாகச் சேகரிப்பு அனுமதி வாங்க வேண்டும். அர்ஜென்டினாவில் தேசியப் பூங்கா நிர்வாகம் தருகிறது. ஒரு கரையின் அனுமதி மறு கரையில் செல்லாது. வெளிநாட்டவர் பிரேசில் ஆய்வு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துதான் வேலை செய்ய முடியும். மரபணு ஆய்வு உண்டென்றால் 2015ஆம் ஆண்டின் 13.123 எண் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும். காட்டுக்குள் போய்விட்டு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சேகரித்தது எதையும் வெளியிட முடியாமல் போகும்.

கருவி எளிதானது. ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் வெள்ளை பிளானல் துணி. சொரசொரப்பான பருத்தியாக இருக்கட்டும். வழவழப்பான பாலியெஸ்டரில் உண்ணியின் கால் பிடிக்காது. முன்விளிம்பை மடித்துத் தைத்து 1.2 மீட்டர் மரக்கம்பைச் செருகி, கம்பின் இரு முனையிலும் இரண்டு மீட்டர் கயிறு கட்டுங்கள். பின்விளிம்பின் மடிப்புக்குள் மெல்லிய சங்கிலியோ இரும்பு வாஷர்களோ வைத்துத் தைத்தால் துணி தரையோடு படிந்து வரும். இந்த எடையை விட்டால் துணி புதர்மேல் மிதந்துவிடும், சருகுத் தரையில் இருப்பவை சிக்காது. இரண்டு துணியாவது எடுத்துப் போங்கள், முட்செடி ஒன்றைக் கட்டாயம் கிழிக்கும்.

காலைப் பனி காய்ந்தபின், ஒன்பது பத்து மணிக்குத் தொடங்குங்கள். ஈரத்துணியில் உண்ணி ஒட்டாது. மழை பிடித்தால் அன்றைய வேலை முடிந்தது. பாதி ஈரத்தில் இழுத்த கணக்கைக் காய்ந்த நாளின் கணக்கோடு சேர்த்தால் இரண்டும் கெடும். விலங்குத் தடத்தை ஒட்டி நூறு மீட்டர் அளந்து, மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்து, பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று துணியின் இரு பக்கத்தையும் பாருங்கள். இருபது முப்பது மீட்டர் நிற்காமல் போனால், முதலில் ஏறியவை வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒரு மீட்டர் அகலத் துணிக்கு இது நூறு சதுர மீட்டர். எதுவும் கிடைக்காத நூறு மீட்டரையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யங்களை விட்டுவிட்டால் காடு முழுக்க உண்ணி மண்டிக் கிடப்பதுபோல் கணக்கு காட்டும்.

துணிக்கு முன்னால் நடக்கிறவர் காலில்தான் பல உண்ணிகள் முதலில் ஏறும். அவற்றையும் குப்பியில் போடுங்கள், ஆனால் எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள். கயிற்றைச் சற்றே பக்கவாட்டில் பிடித்து நடந்தால் இந்தப் பிழை குறையும். பூச்சிவிரட்டி தடவிய கையால் துணியைத் தொடாதீர்கள். அடுத்த இடத்துக்குப் போகுமுன் துணியைக் கொதிநீரில் அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய காட்டின் உண்ணி இன்றைய காட்டின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடர்காட்டில் துணி தராததைக் கண் தரும். டேப்பிர் தடத்தின் ஓரச் செடிகளில் முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை இலை நுனிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலையின் அடியில், விளிம்பை ஒட்டி, காலை மடக்கிக்கொண்டு ஒரு விதைபோல உண்ணி உட்கார்ந்திருக்கும். மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். உடனே முன்னங்கால் இரண்டையும் விரித்து காற்றில் துழாவும். மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை உணரும் உறுப்பு அந்தக் கால்களின் நுனியில்தான் இருக்கிறது. குப்பியை அடியில் பிடித்துக்கொண்டு சாமணத்தால் எடுங்கள். இலையை உலுக்கினால் கீழே விழும், சருகில் தேடி எடுப்பது நடக்காத காரியம். வெறுங்கையைச் சருகில் வைக்கவும் வேண்டாம், ஜரராக்கா விரியன் பாம்பு அங்கேதான் படுத்திருக்கும். முழங்கால் வரை கெட்டியான காலுறைக் கவசம் இல்லாமல் தடத்தை விட்டு இறங்காதீர்கள்.

உலர்பனிப் (உறைந்த கரியமில வாயு) பொறி காட்டின் ஓரத்துக்கும் திறந்த புல்வெளிக்கும் ஏற்றது. அரை மீட்டர் துணியின் நடுவில் அரைக் கிலோ உலர்பனி வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு, குதிரை நடமாடும் இடத்து அம்பிளியோம்மா ஸ்கல்ப்டம் தானே தேடி வரும் இனம், இதற்கு நன்றாகச் சிக்கும். நுனியில் காத்திருக்கும் அடர்காட்டு இனங்களுக்கு இந்தச் செலவு வீண். உலர்பனியை மூடிய வண்டிக்குள் வைத்துப் பயணிக்காதீர்கள், மூச்சுத் திணறும்.

பிடித்ததை எந்தப் பருவம் என்று அங்கேயே பிரித்துவிடலாம். ஆறு கால் என்றால் குஞ்சு. எட்டுக் கால் இருந்தும் வயிற்றுப்புறத்தில் இனப்பெருக்கத் துளை இல்லையென்றால் இடைப்பருவம். வளர்ந்தவற்றில் ஆணுக்கு முதுகு முழுவதையும் கெட்டி ஓடு மூடியிருக்கும், பெண்ணுக்கு முன்பகுதியில் மட்டும். ஸ்கல்ப்டத்தின் குஞ்சுகள் தென்கிழக்கு பிரேசிலில் ஏப்ரல் முதல் குளிர்காலம் வரை திரளும். இவை நூற்றுக்கணக்கில் ஒரே நுனியில் குவிந்திருக்கும், உள்ளூரில் மிக்குயிம் என்பார்கள். குவியல் கண்டால் அந்த இலை நுனியோடு கத்தரித்துக் குப்பியில் போடுங்கள். ஒரு குவியலிலிருந்து இருபது போதும், அவை பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகள். வெவ்வேறு குவியலை ஒரே குப்பியில் கலக்காதீர்கள். உடம்பில் ஏறியவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிடலாம்.

குப்பிக்குள் போகும் எத்தனால் எந்த வீரியம் என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மரபணுவுக்கு 95 சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஆனால் அதில் கால்கள் விறைத்து ஒடியும், உருவத்தைப் பார்த்து இனம் பிரிப்பது கஷ்டமாகும். 70 சதவீதத்தில் உருவம் நன்றாக நிற்கும், மரபணு நாளடைவில் சிதையும். ஒரே இடத்தில் பல கிடைத்தால் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். விவரச்சீட்டைக் கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மையும் வெளியே எழுதும் மார்க்கரும் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். நாள், ஜிபிஎஸ் இடக்குறிப்பு, முறை, இழுத்த தூரம், சேகரித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். சீட்டு இல்லாத உண்ணி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாலையில் உடையைக் கழற்றி உடனே வெந்நீரில் போட்டுவிட்டு, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் தோலை ஒட்டி வாய்ப்பகுதியைச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். நசுக்குவதும் சூடு வைப்பதும் வேண்டாம். அதன்பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஸ்கல்ப்டம் கடத்தும் பிரேசில் புள்ளிக் காய்ச்சல் உயிரைக் குடிக்கும், டாக்ஸிசைக்ளின் மருந்தை முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுச் செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறு நோய், அதைப் பரப்புவது சிகர் எனப்படும் சின்னஞ்சிறு சிற்றுண்ணிக் குஞ்சு.

காட்டை ஒட்டிய பிஆர்-277 நெடுஞ்சாலையில் அடிபட்ட விலங்கு கிடைத்தால், அதற்கும் அனுமதியில் இடம் இருந்தால் மட்டும், காதுமடலையும் கால்விரல் இடுக்கையும் உடனே சோதியுங்கள். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கிவிடும். எந்த விலங்கின் உண்ணி என்று உறுதியாகத் தெரிவதால் துணியில் கிடைத்ததைவிட இதன் மதிப்பு அதிகம். ரத்தம் குடித்து உப்பிய இடைப்பருவ உண்ணியை ஆல்கஹாலில் போட்டுக் கொல்லாதீர்கள். உப்பிய உடலில் அடையாளங்கள் தெரியாது. காற்றோட்டமுள்ள குப்பியில் ஈரப் பஞ்சோடு 27 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்திலும் இருட்டில் வையுங்கள். சில வாரங்களில் தோலுரித்து வளர்ந்த உண்ணியாக வெளிவரும். ஓடு இறுகும் வரை ஒரு வாரம் விட்டு, அதன்பின் இனம் பாருங்கள். உரித்த தோலையும் அதே குப்பியில் போட்டு வையுங்கள், முன்பருவத்தின் அடையாளம் அதில் இருக்கிறது.