கைதட்டும் முன்: மருத்துவ ஆய்வு உரைகளைக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1890 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் ராபர்ட் கோக் பேசினார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவரே பேசுகிறார் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது, நோய் முற்றிய கினிப்பன்றிகளில்கூட அது நோயை நிறுத்திவிட்டது என்றார். அது என்ன பொருள் என்று மட்டும் சொல்லவில்லை. நவம்பரில் மனிதர்களுக்கும் அது பலன் தருவதாக அவரே எழுத, நோயாளிகளும் டாக்டர்களும் ஊர் ஊராக பெர்லினுக்கு ரயிலேறினார்கள். அடுத்த ஜனவரியில் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற நோயியல் அறிஞர், ஊசி போட்டும் இறந்துபோனவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தார். கிருமி சாகவில்லை, புதிய இடங்களுக்குப் பரவியிருந்தது. டியூபர்குலின் என்ற அந்தப் பொருள் மருந்தாக நிலைக்கவில்லை. தொற்று இருக்கிறதா என்று முன்கையில் ஊசி குத்திப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையாக மட்டும் இன்றுவரை தங்கிவிட்டது.

இதே கோக், இதே பெர்லினில், 1882 மார்ச் 24 அன்று பேசியது வேறு மாதிரி. நுண்ணோக்கிகளையும் கண்ணாடித் தகடுகளையும் அரங்குக்கே கொண்டுவந்து பரப்பிவைத்தார். கேட்டவர்கள் எழுந்து வந்து, குனிந்து, கிருமியைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். உலகக் காசநோய் நாள் இன்றும் அந்தத் தேதியில்தான் வருகிறது. பேசியவர் ஒருவரே. 1882 உரையில் ஆதாரம் மேசை மேல் இருந்தது, 1890 உரையில் அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. கேட்டவர்கள் இரண்டையும் ஒரே அளவு நம்பியதுதான் கோளாறு.

1890-ல் பெர்லினுக்கு ஓடிய டாக்டர்களில் ஆர்தர் கோனன் டாயிலும் ஒருவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதியவரேதான். அந்த மருந்து பற்றிய விளக்க உரைக்கு அவருக்கு அனுமதிச்சீட்டு கிடைக்கவில்லை. உள்ளே போய்வந்த இன்னொரு டாக்டரின் குறிப்புகளை வாங்கிப் படித்தார், நோயாளிகளைப் போய்ப் பார்த்தார், அவசரப்பட வேண்டாம் என்று லண்டன் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அரங்கில் இடம் பிடித்தவர்களைவிட வெளியே நின்றவர் தெளிவாக இருந்திருக்கிறார்.

இப்போது ஆய்வு நிறுவனங்களும் கல்லூரிகளும் மாதம் ஒரு பொது உரையாவது வைக்கின்றன. யூடியூபில் இருப்பவற்றுக்குக் கணக்கே இல்லை. நல்ல விஷயம்தான். பேசுகிற ஆய்வாளர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர் சொன்னதற்கும், வீட்டுக்கு வந்து நாம் சொல்வதற்கும் நடுவில்தான் பிசகு நடக்கிறது.

எலி பிழைத்ததைக் கேட்டு நாம் பிழைத்ததாக நினைப்பது

எல்லாவற்றிலும் பழைய தவறு இதுதான், இன்னும் அலுக்கவில்லை. 1998 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் முதல் பக்கத்தில் பாஸ்டன் ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன் பற்றிய செய்தி வந்தது. புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போகும் நாளங்களை வளரவிடாமல் செய்தால் கட்டி பட்டினியில் சுருங்கும் என்பது அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கருத்து. எண்டோஸ்டாட்டின், ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற இரண்டு புரதங்கள் எலிகளில் கட்டிகளைக் கரைத்திருந்தன. மறுநாளே அந்த மருந்துகளை வைத்திருந்த கம்பெனியின் பங்கு நாலு மடங்குக்கு மேல் ஏறியது. புற்றுநோய் மருத்துவர்களின் தொலைபேசிகள் ஓயவில்லை. ஃபோக்மனோ, உங்களுக்குப் புற்றுநோய் இருந்து நீங்கள் எலியாகவும் இருந்தால் எங்களால் நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்கிற பொருளில்தான் பேசிவந்தார். அந்த எச்சரிக்கை யார் காதிலும் ஏறவில்லை. அந்த இரண்டு புரதங்களும் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெறவே இல்லை. அவருடைய கருத்து தோற்றுவிடவும் இல்லை: அதே வழியில் வந்த பெவாசிசுமாப் 2004-ல் அனுமதி பெற்றது. சில புற்றுநோய்களில் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே திரையில் ஒரு வரைபடம் வந்ததும் பார்க்க வேண்டியது, அது யாரிடம் எடுத்தது என்பதை. தட்டில் வளர்த்த செல்லா, எலியா, இருபது முப்பது ஆரோக்கியமான தன்னார்வலர்களா, ஆயிரக்கணக்கான நோயாளிகளா? பேச்சாளர் இதைச் சொல்லத்தான் செய்வார். வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நாமும் கட்டி சுருங்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சதவீதத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருவது

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று பல ஆண்டுகள் மேடைதோறும் சொன்னார்கள். மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் பொதுவாகவே வசதியானவர்கள், உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள். மாத்திரையின் பலன் எது, வசதியின் பலன் எது என்று அதில் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. மாரடைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் 26 சதவீதம் கூடியிருந்தது.

அந்த 26-ஐக் கேட்டதும் நாலில் ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று மனசு கணக்குப் போடுகிறது. நடந்தது என்னவென்றால், போலி மாத்திரைக் குழுவில் 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்தது, மருந்துக் குழுவில் 38 பேருக்கு வந்தது. கூடுதலாக எட்டுப் பேர். எட்டு அற்பமில்லை, லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிடும் மாத்திரையில் அது பெரிய எண்ணிக்கை. ஆனால் ஒரு பெண் தன் டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுக்க '30-லிருந்து 38' உதவுகிற அளவுக்கு '26 சதவீதம்' உதவாது.

புது மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது என்று மேடையில் சொன்னாலும் இதே கேள்விதான்: எத்தனையில் பாதி? நூறு பேரில் இருபதிலிருந்து பத்தா, ஆயிரம் பேரில் இரண்டிலிருந்து ஒன்றா? இதைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். நல்ல பேச்சாளர் கேட்டவரைச் சந்தோஷமாகப் பார்ப்பார்.

ரிப்போர்ட் சரியானால் ஆள் சரியாகிவிட்டார் என்று நம்புவது

எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு இதுதான். டாக்டர்களே வருடக்கணக்கில் இதில் விழுந்து கிடந்தார்கள்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு ஈசிஜியில் இடையிடையே தப்புத் துடிப்புகள் தெரியும். அவை அதிகமாக உள்ளவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். ஆக, அந்தத் துடிப்புகளை அடக்கினால் சாவும் குறையும் என்று யாருக்கும் தோன்றும். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அவற்றை அருமையாக அடக்கின. கொடுப்பதற்கு முன் எடுத்த ஈசிஜியையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் எந்த அரங்கிலும் கைதட்டல் நிச்சயம். பலரும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு குறைகிறதா என்று அதற்குப் பிறகுதான் பரிசோதித்தார்கள். முதல் முடிவு 1989-ல் வந்தது. முழுக்கணக்கு வந்தபோது, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். கோடு நேரானது, ஆட்கள் போய்விட்டார்கள்.

அதனால் ஒரு உரையில் கொழுப்பு இறங்கியது, மூளை ஸ்கேனில் கறை குறைந்தது, ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் ஏறியது என்று வரும்போது, அடுத்த வரியை எதிர்பார்த்துக் காத்திருங்கள். மாரடைப்பு குறைந்ததா, மறதி குறைந்ததா, சாவு குறைந்ததா? அந்த வரி வராவிட்டால் கேட்டுவிடுங்கள். சில எண்கள் நம்பத்தக்கவை. இரத்த அழுத்தத்தை இறக்கினால் பக்கவாதம் குறைகிறது என்பது பலமுறை சோதித்து உறுதியானது. இன்னும் அப்படிச் சோதித்துப் பார்க்காத எண்களும் உண்டு, அவைதான் மேடையில் அதிகம் வருகின்றன.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எப்போதும் லாபம் என்பது

தென் கொரியாவில் 1999-க்குப் பிறகு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் விரிவானபோது, கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல் நோயாளி ஆனார்கள், அவர்களில் அநேகருக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. அந்தப் புற்றுநோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கும் சின்னக் கட்டிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே ஏமாற்றுவது 'ஐந்தாண்டு பிழைப்பு விகிதம்' என்ற கணக்கு. ஒருவர் 70 வயதில் ஒரு நோயால் இறக்கிறார் என்று வையுங்கள். 67-ல் கண்டுபிடித்தால் மூன்றாண்டு பிழைத்தார். 60-ல் கண்டுபிடித்தால் பத்தாண்டு பிழைத்தார். அவர் இறந்தது இரண்டிலும் 70-ல்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய் மாதிரி சிலவற்றில் முன்கூட்டிய பரிசோதனை உண்மையிலேயே உயிரைக் காக்கிறது. அதைச் சாவு எண்ணிக்கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

பெயரைப் பார்த்து நம்புவது

லைனஸ் பாலிங் 1954-ல் வேதியியலுக்கும் 1962-ல் அமைதிக்கும் நோபல் பரிசு வாங்கியவர். பின்னாளில் வைட்டமின் சி-யை மிக அதிக அளவில் எடுத்தால் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 1979-லும் 1985-லும் மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனை அதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தது. வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சி-யால் பலன் இல்லை. சளிக்கு வைட்டமின் சி மாத்திரை வாங்குகிற நம் பழக்கத்திலும் அவர் கைவண்ணம் உண்டு.

அதே பாலிங்கின் 1949 ஆய்வு அசைக்க முடியாதது: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை நோய், ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று காட்டியது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த நோய்க்கான மரபணு இருப்பது 1952-ல் வெளிவந்தது. அங்கே மருத்துவக் குழுக்கள் இன்றும் அதனுடன் போராடுகின்றன. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்றதும் அடுத்த வருடம் மருந்து வரும் என்று நினைக்கிறோம். பாலிங் காரணத்தைச் சொன்னது 1949. இந்த நோய்க்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998. மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்தது 2023, விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலைக்கு அது எப்போது ஏறும்?

'பலனில்லை' என்ற முடிவை வீண் என்று நினைப்பது

இது நம் ஊர்க் கதை. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கான பெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. இதைச் சொன்னால் அரங்கில் ஒருவர், அப்படியானால் குழந்தைக்கு எதற்குப் போடுகிறார்கள் என்று கோபிப்பார். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயை அது தடுக்கிறது, அதற்காகத்தான். ஒரு கேள்விக்கு வந்த 'இல்லை'யை எல்லாக் கேள்விக்கும் நீட்டக் கூடாது.

அதற்கும் முன்னால், 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்ததற்கு ஈடாகக் குணமாகிறார் என்று காட்டியது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் இதற்குப் பங்குண்டு. தமிழில் பேசுகிற எத்தனையோ பேர் அமெரிக்க எண்களையே அடுக்குகிறார்கள், சேத்துப்பட்டைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி நேரத்தில்

உரை முடிந்ததும் ஸ்கேன் சென்டர் பெயர் அச்சடித்த பெரிய கவரோடு ஒருவர் மேடைப்பக்கம் வருவார். எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "சார், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பார். பாவம், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் பேசியவர் பெயருக்கு முன்னால் உள்ள டாக்டர், முனைவர் பட்டமாக இருக்கலாம். பழ ஈயின் நரம்பை ஆராய்கிறவரிடம் பித்தப்பைக் கல்லைக் காட்டுவதில் பயனில்லை. மருத்துவராகவே இருந்தாலும், முழு விவரம் தெரியாமல் மேடையோரத்தில் சொல்வது சிகிச்சை ஆகாது. உரையைக் கேட்டுவிட்டு சுகர் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ தானாக நிறுத்துவது இதைவிட மோசம்.

மைக் கையில் வந்ததும் ஐந்து நிமிடம் தன் கருத்தைச் சொல்கிறவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை.

வீடியோவாகப் பார்க்கிறவர்கள் முதலில் தேதியைப் பார்க்கவும். பத்தாண்டுக்கு முந்தைய உரையில் 'விரைவில் வரும்' என்று சொன்ன மருந்து இதற்குள் தோற்றிருக்கலாம். மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். 2009 முதல் இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் மருந்துப் பரிசோதனைகளை அங்கே பதிவு செய்தாக வேண்டும். எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கப் போகிறார்கள் என்று அதில் இருக்கும். மருந்தின் பெயரே அங்கே இல்லையென்றால், இங்கே அது இன்னும் மனிதரிடம் வரவில்லை அல்லது வேறு பெயரில் இருக்கிறது. பேச்சாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் அநேகமாகப் பதில் வரும்.